நியமனம் மலையில், மனை கல்முனையில்

நோன்புப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், என் ராத்தாவின் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சாய்ந்தமருது. நல்ல குடும்பம், நல்ல பிள்ளை. பலகாரத் தட்டு வந்தது, தேநீர் வந்தது, பேச்சும் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் உம்மும்மா மூலையில் சாய்ந்திருந்தபடி ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"மகளுக்குப் படிப்பிக்கிறது எங்க?"

"இரத்தினபுரிப் பக்கம். ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம்."

"அப்ப கலியாணம் முடிச்சா மாப்பிள்ளை இந்த வீட்டில ஆரோட இரிக்கிற? மாமியோடயா?"

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கிழவி கேட்டதில் பிழை ஒன்றுமில்லை.

நமது கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் இதுதான் வழக்கம். மகள் பிறந்த நாளிலிருந்து வாப்பா கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் உம்மாவின் கையணைப்பில். மற்ற ஊர்களில் பெண் வேறு மாகாணத்தில் வேலை பார்த்தால் வீட்டில் ஓர் ஆள் குறையும். இங்கே அந்த வீடு கட்டப்பட்டதற்கான காரணமே வெளியூர் போய்விடுகிறது. ஆகையால்தான் ஆசிரியை ஒருத்தியின் இடமாற்றம் நம் பகுதியில் அலுவலகச் சமாசாரமாக மட்டும் நிற்பதில்லை. சம்பந்தம் பேசும் விறாந்தைக்கும் அது வந்து உட்கார்ந்துவிடுகிறது.

என் ராத்தாவின் மகள் கல்வியியற் கல்லூரியில் படித்தவள். ஆரம்பக் கல்விப் பாடநெறி. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. 2023 இல் நியமனம் கிடைத்தது. கல்முனைக்கு ஊடாக ஓடுகின்றதே, ஏ4 நெடுஞ்சாலை, அதே பாதையில் பஸ் ஏறினால் அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, பலாங்கொடை தாண்டி இரத்தினபுரி. ஏறத்தாழ 300 கிலோமீற்றர். "சாச்சி, பாதை மாறவே வேண்டாம், ஒரே றோட்டுத்தான்" என்று அவள் முதல் நாள் பகிடியாகச் சொன்னாள். பொத்துவிலைத் தாண்டியதும் அழுதாளாம். அது பிறகு தெரிய வந்த கதை.

எனக்கு அவள் கதை புதிதல்ல. 1997 இல் நானும் இப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு மலைநாட்டுக்குப் போனேன். ஐந்து வருடம் கழித்துத்தான் கிழக்குக்குத் திரும்பினேன். எப்படித் திரும்பினேன், எவ்வளவு தடுமாறினேன், இன்று அந்த வழி எப்படியிருக்கிறது என்பதை, மாகாணம் தாண்டி நிற்கும் சகோதரிகளுக்கும் அவர்களது உம்மாமாருக்கும் உதவுமென்று எழுதுகிறேன்.

அனுமதிப்பத்திரமா, நியமனக் கடிதமா?

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சில நாடுகளில் ஆசிரியர் கையில் ஓர் அனுமதிப்பத்திரம் இருக்கும். சாரதி அனுமதிப்பத்திரம் போல. அமெரிக்காவில் அதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகின்றது. ஒரு மாநிலத்தில் இருபது வருடம் படிப்பித்த ஒருவர், கணவருக்கு மாற்றம் கிடைத்து அடுத்த மாநிலத்துக்குப் போனால், அங்கே மறுபடி விண்ணப்பம், மறுபடி சான்றிதழ்களின் பரிசோதனை, சில இடங்களில் மறுபடி பரீட்சை. இராணுவத்தில் இருப்பவர்களின் மனைவிமார் ஆசிரியைகளாக இருந்தால் பட்ட பாடு சொல்லி மாளாது. அந்தச் சிக்கலை ஓரளவு தீர்ப்பதற்காகச் சில மாநிலங்கள் ஒன்றுகூடி ஓர் உடன்படிக்கை செய்தன. பத்து மாநிலங்கள் சட்டமியற்றிச் சேர்ந்த பின்னர் 2023 இல் அது உயிர்பெற்றது.

அவுஸ்திரேலியாவிலும் மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பதிவு. ஆனால் 1992 இல் கொண்டுவரப்பட்ட பரஸ்பர அங்கீகாரச் சட்டத்தால், ஒரு மாநிலத்தில் பதிந்த ஆசிரியர் மற்ற மாநிலத்தில் பதிவது இலகுவாகியது. (மெல்பேர்னுக்கும் சிட்னிக்கும் வாழ்க்கைப்பட்டுப் போகும் நமது ஆசிரியைகளுக்கு ஒரு வார்த்தை: அங்கே பட்டப்படிப்பும் ஆசிரியர் கல்வியும் சேர்ந்து நான்கு வருட உயர்கல்வி கேட்பார்கள், ஆங்கிலத் தேர்ச்சியில் உயர்ந்த புள்ளியும் கேட்பார்கள். நமது மூன்று வருட டிப்ளோமாவை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டுவது கடினம். போவதற்கு முன்னரே பட்டப்படிப்பை முடித்துக்கொள்ளுங்கள்.) இந்தியாவில் 2011 தொடக்கம் ஆசிரியர் தகுதித் தேர்வு நடக்கிறது. மத்திய அரசு நடத்துவது ஒன்று, மாநிலங்கள் நடத்துவது வேறு. தமிழ்நாட்டுத் தேர்வில் தேறியவர் கேரளத்துக்குப் போனால் அங்குள்ள விதி வேறு.

நமது நாட்டில் இந்த அனுமதிப்பத்திரம் என்ற பேச்சே இல்லை. இலங்கை ஆசிரியர் சேவை 1994 இல் உருவாக்கப்பட்டது. அது முழு நாட்டுக்கும் ஒன்றே. 2014 ஒக்டோபர் 23 ஆம் திகதிய அதிவிசேட வர்த்தமானியில் வெளிவந்த சேவைப் பிரமாணக் குறிப்பும் நாடு முழுவதற்கும் ஒன்றே. வகுப்பும் தரமும் சம்பளத் திட்டமும் பருத்தித்துறையிலும் அதேதான், தெய்வேந்திர முனையிலும் அதேதான். அப்படியானால் இரத்தினபுரியில் இருக்கும் ஆசிரியை கல்முனைக்கு வருவதில் என்ன தடை? தகுதியில் தடையில்லை. எசமான் யார் என்பதில்தான் தடை.

ஒன்பது எசமான்கள்

1987 இல் அரசியலமைப்புக்கான பதின்மூன்றாவது திருத்தம் வந்தது. மாகாண சபைகள் வந்தன. கல்வி தொடர்பான பின்னிணைப்பில் ஆசிரியர்களின் இடமாற்றமும் ஒழுக்காற்றுக் கட்டுப்பாடும் மாகாணத்தின் கைக்குப் போயின. அது முதல், தேசிய பாடசாலைகள் தவிர்ந்த மற்றைய அரச பாடசாலைகளின் ஆசிரியர்கள் அந்தந்த மாகாணத்தின் ஆட்கள். கல்முனையில் ஸாஹிராக் கல்லூரியும் மஹ்மூத் மகளிர் கல்லூரியும் தேசிய பாடசாலைகள், அவற்றின் ஆசிரியர்களுக்குக் கொழும்பில் கல்வி அமைச்சே எசமான். அதே வீதியில் சற்றுத் தள்ளியிருக்கும் மாகாணப் பாடசாலையின் ஆசிரியைக்கு எசமான் திருகோணமலையில். மதிலோடு மதிலாக இருந்தாலும் நிருவாகத்தில் அவை இரண்டு வேறு வீடுகள்.

இந்த எல்லைக்கோடுகள் நமது வாழ்க்கையோடு விளையாடிய விதத்தைப் பாருங்கள். 1988 இல் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டு ஒரே மாகாணமாயின. அப்போது வவுனியாவில் படிப்பித்த கல்முனை ஆசிரியை ஒருத்தி ஊருக்கு வர விண்ணப்பித்தால் அது மாகாணத்துக்குள் மாற்றம். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1 முதல் இரண்டும் வேறு வேறு. அவள் இருந்த பாடசாலை அசையவில்லை, அவள் வீடும் அசையவில்லை. ஒரே இரவில் அவள் வெளிமாகாணக்காரி ஆகிவிட்டாள். அதற்கும் முன்னர், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, ஆசிரியர்களும் மாணவர்களோடு சேர்ந்து புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டில்களில் படிப்பித்தார்கள். புத்தளம் வடமேல் மாகாணம். அவர்களது நியமனமோ வடக்கு கிழக்கு. கால் ஒரு மாகாணத்தில், கோவை இன்னொரு மாகாணத்தில் என்று வருடக்கணக்காக வாழ்ந்தவர்கள் அவர்கள்.

நமது பிள்ளைகள் ஏன் வெளியே போக நேர்கிறது என்றும் கேட்க வேண்டும். காரணம் ஒளிவுமறைவானதல்ல. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நமது கரையில் வீட்டுக்கு வீடு ஆசிரியர். பெண் பிள்ளைக்குப் பொருத்தமான உத்தியோகம் இதுதான் என்று ஒரு தலைமுறையே நம்பிப் படிப்பித்தது. அட்டாளைச்சேனை, மட்டக்களப்பு, தர்கா நகர் கல்வியியற் கல்லூரிகளுக்குப் போய் வருடா வருடம் பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். மலையகத் தோட்டப் பாடசாலைகளிலோ தமிழ்மொழி மூல ஆசிரியருக்குப் பஞ்சம். கணக்குப் பார்த்து நிரப்புகிறவர் எங்கிருந்து எங்கே அனுப்புவார்? இதில் அநியாயம் என்று கூச்சலிடுவதற்கு முன்னர், அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஆசிரியர் வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இருபத்தைந்து வயதுப் பெண்ணைத் தங்குமிடம் ஏற்பாடில்லாமல், எத்தனை வருடத்துக்கு என்ற தெளிவான வாக்குறுதியுமில்லாமல் அனுப்புவது வேறு விடயம். அதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு கதவுகள்

ஒரு மாகாணத்திலிருந்து மறு மாகாணத்துக்கு வருவதற்கு இரண்டு கதவுகள் திறக்க வேண்டும். இருக்கும் மாகாணம் "விடுகிறோம்" என்று சொல்ல வேண்டும். வரப்போகும் மாகாணம் "ஏற்கிறோம்" என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று மூடியிருந்தாலும் நாம் திண்ணையில்தான்.

விண்ணப்பம் அதிபரிடம் தொடங்குகிறது. அங்கிருந்து வலயக் கல்விப் பணிமனை, அங்கிருந்து மாகாணக் கல்வித் திணைக்களம், மாகாணக் கல்வி அமைச்சு. பிறகு மறு மாகாணம். ஒவ்வொரு படியிலும் "சிபாரிசு செய்கிறேன்" என்று எழுதுவார்கள், அதற்குக் கீழே இரண்டாவது வரியில் "பதிலாள் கிடைக்கும் பட்சத்தில்" என்றும் எழுதுவார்கள். விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் படுத்துக்கிடப்பது அந்த இரண்டாவது வரியில்தான். முதல் வரியைப் பார்த்துச் சந்தோசப்பட்டுவிடாதீர்கள்.

ஏற்கும் மாகாணம் பார்ப்பது வெற்றிடத்தை. அதுவும் பாடத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ற வெற்றிடத்தை. நகர்ப்புறத்தில் ஏற்கெனவே ஆசிரியர் மேலதிகம் என்று சொல்லப்படும் வலயத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு "வெற்றிடமில்லை" என்ற பதிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழும் சகோதரிகளைப் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது இது: முதலில் மாகாணத்துக்குள் வாருங்கள். மூதூர் என்றாலும் சரி, கிண்ணியா என்றாலும் சரி, ஏறாவூர், ஓட்டமாவடி என்றாலும் சரி. வந்துவிட்டால் பிறகு நடப்பது ஒரே வீட்டுக்குள் அறை மாறுவது. 2007 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சுற்றறிக்கை தேசிய ஆசிரியர் இடமாற்றக் கொள்கையை வகுத்தது. வருடாந்த இடமாற்றச் சபைகள் கூடும்போது உங்கள் பெயரும் அங்கே வரும்.

இலகுவான வழி ஒன்று உண்டு, பரஸ்பர இடமாற்றம். அங்கேயிருந்து இங்கே வர நீங்கள், இங்கேயிருந்து அங்கே போக இன்னொருவர். பாடமும் மொழிமூலமும் பொருந்த வேண்டும். இரண்டு பக்கமும் இடம் காலியாவதில்லை என்பதால் இரண்டு கதவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறக்கும். இலகு என்று சொன்னது அலுவலகத்துக்கு. அந்த இன்னொருவரைத் தேடிப் பிடிப்பது இருக்கிறதே, அது மாப்பிள்ளை தேடுவதைவிடச் சிரமம்.

எனக்கு அந்த ஆள் பத்திரிகை விளம்பரத்தில் கிடைத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் சிறு விளம்பரப் பகுதியில், காணி விற்பனைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில், இரண்டு வரி. மலைநாட்டைச் சேர்ந்த ஒரு தமிழ்ச் சகோதரி மட்டக்களப்புக்கு அருகே படிப்பித்துக்கொண்டிருந்தார். தாய்க்கு நடக்க முடியாது, ஊர் திரும்ப வேண்டும். கடிதம் எழுதினேன், பதில் வந்தது. பதினான்கு மாதம் கடிதங்களாகவே பேசிக்கொண்டோம். ஒரே ஒரு தடவை திருகோணமலையில் ஓர் அலுவலக வாசலில் நேரில் சந்தித்தோம். அவர் எனக்காகத் தோசை கட்டிக்கொண்டு வந்திருந்தார், நான் அவருக்கு மருதமுனைக் கைத்தறிச் சாறன் ஒன்று, அவரது தந்தைக்கு. 2002 இல் போர்நிறுத்தம் வந்து பாதைகள் திறந்திருந்த காலம். அவர் மலை ஏறினார், நான் இறங்கினேன். எனக்கு ஏறாவூர்ப் பாடசாலை கிடைத்தது. விடிய எழுந்து பஸ் பிடித்து இரண்டு வருடம் போய்வந்த பின்னர்தான் கல்முனை வலயம். இன்றும் அவர் பொங்கலுக்கு ரெலிபோன் எடுப்பார், நான் தீபாவளிக்கு எடுப்பேன்.

இன்று சிறு விளம்பரத்துக்குப் பதிலாக வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. அதில் ஓர் எச்சரிக்கை. "ஆள் பிடித்துத் தருகிறேன், மேலிடத்தில் பேசித் தருகிறேன்" என்று பணம் கேட்பவர்கள் அங்கேயும் வருகிறார்கள். இடமாற்றத்துக்குக் கட்டணம் கிடையாது. ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கடதாசிப் பை

நான் திரும்பி வந்த பின்னர் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. எனது சுயவிபரக் கோவை இரண்டு அலுவலகங்களுக்கிடையில் எங்கோ நின்றுவிட்டது. எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. கடைசியில் ஓர் அலுமாரியின் மேல்தட்டில், வேறொருவருடைய கோவைக்குள் செருகப்பட்டுக் கிடந்தது. இறுதியாகச் சம்பளம் பெற்ற விபரம் வந்து சேராமல் புதிய இடத்தில் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாது. கடன் தவணை நிற்காது, சீட்டுக்காரி நிற்க மாட்டாள், சம்பளம் மட்டும் நின்றுவிடும். மூன்று மாதமும் எங்கள் வாப்பாவின் நெல்லில்தான் சாப்பிட்டோம்.

ஆகவே, உங்கள் கோவையில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், சேவையில் நிரந்தரமாக்கிய கடிதம், ஒவ்வொரு வருடச் சம்பள உயர்ச்சிப் படிவம், தரமுயர்வுக் கடிதம், வினைத்திறன் தடைதாண்டலுக்குரிய சான்றுகள், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், லீவு விபரம். விடுவிப்புக் கடிதம் கிடைக்கும் நாளில் "கோவை அனுப்பியாயிற்றா, எந்தத் திகதியில், பதிவுத் தபாலா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், அது உங்கள் வாழ்க்கை. நியமனக் கடிதத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். முதல் பாடசாலையில் இத்தனை வருடம் கடமையாற்ற வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும். அந்தக் காலம் முடியுமுன் அனுப்பும் விண்ணப்பம் தாமதமாவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. இதைப் பெண்களின் சஞ்சிகையில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது? திருமணத்தைக் காரணம் காட்டி இடமாற்றம் கேட்பவர் விவாகப் பதிவுச் சான்றிதழை இணைக்க வேண்டும். நமது 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யாத நிக்காஹ் அந்தக் காரணத்துக்காக மட்டும் செல்லாததாகிவிடாது. அது மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் சரி. அலுவலக மேசைக்குப் போதாது. பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்து, பிரியாணியும் தின்று, படமும் பிடித்து, பதிவை "பிறகு பார்ப்பம்" என்று விட்ட குடும்பங்கள் எத்தனை! பிறகு விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாளில் பதிவாளரைத் தேடி ஓடுகிறார்கள். நிக்காஹ் நடக்கும் நாளிலேயே பதிவையும் முடித்துவிடுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, பெற்றோருக்கோ பிள்ளைக்கோ நோய் என்றால் வைத்திய அறிக்கை, இவற்றையும் அப்படியே சேர்த்து வையுங்கள்.

பிரசவ லீவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கையின்படி முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். அதற்குப் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாட்கள், சம்பளமில்லாமல் 84 நாட்கள். அரைச் சம்பள லீவு எடுக்காமல் கடமைக்குத் திரும்பும் தாய்க்குப் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போக அனுமதியுண்டு, பால் கொடுப்பதற்காக. நல்ல ஏற்பாடு. ஆனால் பிள்ளை சாய்ந்தமருதில் உம்மும்மாவின் மடியில், தாய் பலாங்கொடைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் என்றால் அந்த ஒரு மணித்தியாலத்தை வைத்து அவள் என்ன செய்வாள்? என் சக ஆசிரியை ஒருத்தி அந்த நேரத்தில் விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாலைப் பீய்ச்சி வாளியில் ஊற்றுவாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

நோன்பு காலமும் அப்படித்தான். நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழான் விடுமுறை உண்டு, தவணை நாட்காட்டியே வேறு. தமிழ்ப் பாடசாலையில் அது இல்லை. ஸஹருக்கு ஒரு வாழைப்பழமும் பிஸ்கட்டும், பகல் முழுக்க முதலாம் வகுப்புப் பிள்ளைகளோடு கத்தல், நோன்பு திறக்க ஒரு கோப்பைத் தண்ணீர். ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் அது நன்றிகெட்டதனம். நான் நோன்பு பிடிக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, லயத்து அறையிலிருந்து ஒரு தாய் ஒவ்வொரு மாலையும் தன் மகனிடம் இஞ்சி போட்ட பிளேன்டி அனுப்பினாள். அஞ்சு வருசமும் அனுப்பினாள்.

"இணைப்பு" என்ற குறுக்கு வழி

இடமாற்றம் கிடைக்காதபோது பலர் தேடுவது தற்காலிக இணைப்பு. பெயர் பழைய பாடசாலையில், சம்பளமும் பழைய வலயத்தில், வேலை மட்டும் ஊரில். மூன்று மாதத்துக்கு, ஆறு மாதத்துக்கு என்று கிடைக்கும், பிறகு நீடிக்கும். கைக்குழந்தைக்காரிக்கும், சுகமில்லாத பெற்றோரை வைத்திருப்பவளுக்கும் அது பெரிய ஆறுதல். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதன் மறுபக்கம் யாரும் பேசாதது. இணைப்பில் ஊருக்கு வந்தவளின் பெயர் அந்தத் தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் பட்டியலில் அப்படியே இருக்கிறது. கடதாசியில் அங்கே ஆசிரியர் இருக்கிறார், வகுப்பில் இல்லை. வெற்றிடம் இல்லை என்பதால் வேறொருவரை அனுப்பவும் மாட்டார்கள். முழுமையான இடமாற்றம் என்றால் குறைந்தபட்சம் அந்த நாற்காலி காலி என்று எழுதப்படும். எனது பரஸ்பர மாற்றக் கடிதத்தோடு அதிபரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது "வரப்போகிறவர் எப்போது வருவார்?" என்றுதான். திகதியைச் சொன்னேன். அதற்குப் பிறகே கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டுத்தான் சிரித்தார். இணைப்புக் கடிதத்தோடு போயிருந்தால் அந்த முகத்தை என்னால் பார்த்திருக்க முடியாது.

இணைப்பில் இருப்பவர்களுக்கு வேறு இடைஞ்சலும் உண்டு. எந்த நேரமும் அது இரத்தாகலாம். மாகாண நிருவாகத்தில் ஓர் அதிகாரி மாறினால், ஒரு புதிய சுற்றறிக்கை வந்தால், "அனைத்து இணைப்புகளும் இரத்து" என்று ஒற்றை வரி. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின்னர் ஆண்டுக்கணக்காக ஆளுநரின் கீழேயே நிருவாகம் நடந்தது. முறையிடுவதற்கு மாகாண சபை உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத காலம் அது. இணைப்பில் இருந்தாலும் இடமாற்ற விண்ணப்பத்தை ஒவ்வொரு வருடமும் தவறாமல் போடுங்கள். இணைப்பு கிடைத்த சந்தோசத்தில் விண்ணப்பத்தை மறந்துவிட்டு, ஐந்தாம் வருடம் இரத்துக் கடிதம் கையில் கிடைத்தவுடன் என் வீட்டுக்கு ஓடி வந்தவர்கள் இருவர்.

ராத்தாவின் மகளுடைய கதையை நடுவில் விட்டுவிட்டேன். அன்று மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லாமலே எழுந்து போனார்கள். ராத்தா இரவு சாப்பிடவில்லை. "ராஜினாமாச் செய்யச் சொல்லட்டா?" என்று என்னைக் கேட்டாள். மூன்று வருடம் விடுதியில் கிடந்து படித்த படிப்பை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்வதா? எனக்கு வந்த கோபத்தில் நானும் சாப்பிடவில்லை. மருமகள் மட்டும் சாப்பிட்டாள்.

நான்காம் நாள் மாப்பிள்ளையே தொலைபேசியில் பேசினார். அவர் கேட்டது ஒன்றுதான்: நியமனக் கடிதத்தில் எத்தனை வருடம் என்று போட்டிருக்கிறது? அவள் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினாள். முதலில் நிக்காஹ் நடக்கட்டும், அன்றே பதிவும் நடக்கட்டும், விண்ணப்பத்துக்கு அந்தச் சான்றிதழ் உதவும் என்றார் அவர். அவருக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று விசாரித்தால், அவரது மூத்த ராத்தாவும் ஊவாவில் ஏழு வருடம் இருந்து வந்தவராம். உம்மும்மாவின் கேள்விக்கும் விடை கிடைத்தது. மாப்பிள்ளை மாமியோடுதான் இருப்பார், மாதம் ஒரு தடவை ஏ4 பாதையில் அவர் போவார். மூதாட்டி அதைக் கேட்டுவிட்டு, "அப்ப மாமிக்குச் சமைக்கத் தெரியுமா எண்டு பாருங்க" என்றாராம்.

விண்ணப்பம் தயார். எல்லாத் தாளும் பையில் இருக்கின்றன, பிரதிகள் என் அலுமாரியில் இருக்கின்றன. பதிலாளின் பெயர் எழுதும் இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலைப் பகுதிகளைச் சொந்த இடமாகக் கொண்டு, கிழக்கு மாகாணத்தில் தமிழ்மொழி மூலம் ஆரம்பப் பிரிவு படிப்பிக்கின்ற ஆசிரியைகள் எவரேனும் இதை வாசிப்பீர்களாயின், சஞ்சிகை ஆசிரியரின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். கடிதம் என் கைக்கு வந்து சேரும்.